கிரியாட்டினின் நார்மல்... அப்புறம்?

"சிறுநீரகப் பாதிப்பை இனி இரண்டே மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம்!" இந்த மாதிரி ஒரு தலைப்பு அடிக்கடி எங்காவது ஒரு மருத்துவப் பக்கத்தில் வந்துவிடும். சிறுநீரில் ஒரு புதுப் புரதம், எலியில் வெற்றி, மனிதரில் நம்பிக்கை, இன்னும் சில வருடங்களில் சந்தையில். படிப்பவர் "பரவாயில்லையே" என்று தலையாட்டிவிட்டு ராசிபலன் பக்கத்துக்குப் போய்விடுவார்.

ஒரே ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. இரண்டு மணி நேரம், சரி. எப்போதிலிருந்து இரண்டு மணி நேரம்?

சின்னக் கேள்விதான். ஆனால் இருபது வருடத்துக்கும் மேலாக நடக்கும் பயோமார்க்கர் வேட்டையின் மொத்தக் கணக்கும் இந்தக் கேள்வியில் இடிக்கிறது. அந்த ஆராய்ச்சியில் கடிகாரத்தை மாட்டியிருக்கும் இடம் ஆபரேஷன் தியேட்டர். தென்காசி மாவட்டம் வீரகேரளம்புதூர் பக்கத்து வயல் வரப்பில் ஒருவருக்குச் சிறுநீரகம் கெட ஆரம்பிக்கும்போது ஓடுகிற கடிகாரம் வேறு. அதை யாரும் பார்ப்பதே இல்லை.

முதலில் நோயைப் பார்ப்போம்

கிட்னி கெட்டுப்போச்சு என்றால் பெரும்பாலானவர்களுக்கு நினைவுக்கு வருவது சர்க்கரையும் ரத்த அழுத்தமும். அது வருடக்கணக்கில் மெதுவாக அரிக்கும் நோய். இங்கே பேசுவது அதுவல்ல. நேற்று வரை நன்றாக இருந்த சிறுநீரகம் சில மணி நேரத்தில், சில நாளில் படுத்துவிடுவது. திடீர் சிறுநீரகப் பாதிப்பு என்று சொல்லலாம்.

பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் இது இதய ஆபரேஷனுக்குப் பிறகு வரும், தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவருக்கு வரும். சிற்றாற்றுப் பாசனத்தில் கார், பிசானம் என்று நெல் விளைகிற ஊர்களில் வருகிற வழிகள் வேறு. கண்ணாடி விரியன் கடி. சேற்றில் நிற்பவர்களுக்கு எலிக்காய்ச்சல். வயிற்றுப்போக்கில் உடம்பு நீர் வற்றிப்போவது. பிரசவத்தில் ரத்தம் அதிகம் போவது. இவற்றின் மேல், வலி தாங்காமல் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போட்ட டைக்ளோஃபினாக் மாத்திரை.

இந்த நோயில் ஒரு நல்ல செய்தி உண்டு. சரியான நேரத்தில் கவனித்தால் பெரும்பாலும் சிறுநீரகம் மீண்டுவிடும். சில வாரம் டயாலிசிஸ் செய்து பிழைத்து, பிறகு டயாலிசிஸே தேவைப்படாமல் வயலுக்குத் திரும்பியவர்கள் நிறைய. கெட்ட செய்தியும் உண்டு. கண்ணாடி விரியன் விஷம் சிலருக்குச் சிறுநீரகத்தின் மேற்புறணியையே சாகடித்துவிடும். அப்படிச் செத்த பகுதி திரும்ப வருவதில்லை. அதனால்தான் "முன்கூட்டியே கண்டுபிடி" என்கிறார்கள். அதில் யாருக்கும் சண்டை இல்லை. எதை வைத்துக் கண்டுபிடிப்பது, யாருக்காகக் கண்டுபிடிப்பது என்பதில்தான் சண்டை.

கிரியாட்டினின் என்னும் தாமதமான சாட்சி

இன்றைக்கும் டாக்டர்கள் பார்ப்பது கிரியாட்டினினைத்தான். தசையில் உண்டாகும் கழிவு இது. சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளும். தள்ளாவிட்டால் ரத்தத்தில் ஏறும். இதை அளக்கும் நிறமாற்ற முறையின் அடிப்படையை மாக்ஸ் யாஃபே என்ற ஜெர்மானியர் 1886-ல் கண்டறிந்தார். அந்தச் சோதனையின் வாரிசுகள் இன்றும் உலகமெங்கும் லேப்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இதன் குறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிறுநீரகம் பாதி வேலையை நிறுத்திய பிறகும் கிரியாட்டினின் அமைதியாக இருக்கலாம். அடி விழுந்து ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் மெல்ல ஏறும். வீடு கொள்ளை போன மறுநாள் குரைக்கிற நாய் மாதிரி.

இரண்டாவது குறையைப் பற்றிப் பேச்சே கிடையாது. லேப் ரிப்போர்ட்டில் "நார்மல்" என்று ஓர் அளவு அச்சடித்திருப்பார்கள். பெரும்பாலும் மேல் எல்லை 1.2-ஐ ஒட்டி இருக்கும். கிரியாட்டினின் தசையிலிருந்து வருகிறது என்று பார்த்தோம். அப்படியானால் ஒல்லியான உடம்புக்கு அது இயல்பாகவே குறைவு. பீடி சுற்றுகிற, நாற்று நடுகிற நாற்பது கிலோப் பெண்ணுக்கு 0.6 இருக்கலாம். அவருக்கு அது 0.9 ஆனால் ஒன்றரை மடங்கு ஏற்றம். 2012-ல் வெளியான கே.டி.ஐ.ஜி.ஓ. என்ற சர்வதேச வரையறையின்படி, 48 மணி நேரத்துக்குள் 0.3 ஏறினாலோ, ஏழு நாளுக்குள் ஒன்றரை மடங்கு ஆனாலோ அது திடீர் சிறுநீரகப் பாதிப்பு. அதாவது இந்தப் பெண்ணுக்கு நோய் வந்துவிட்டது. ஆனால் கையில் இருக்கும் தாளில் 0.9-க்கு நேரே எந்த நட்சத்திரமும் இருக்காது. தடித்த எழுத்தும் இருக்காது. "கிரியாட்டினின் நார்மல்மா, வீட்டுக்குப் போகலாம்."

அவருடைய பழைய அளவு 0.6 என்று யாருக்குத் தெரியும்? ஒருவருக்கும் தெரியாது. அதற்கு முன் அவருக்கு யாரும் சோதனை எடுத்ததே இல்லை.

ஆக, கிரியாட்டினினை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஒரே ஒரு தடவை எடுத்து, அச்சடித்த எல்லையோடு மட்டும் ஒப்பிட்டு, வீட்டுக்கு அனுப்புகிற வழக்கம்தான் பெரிய குற்றவாளி.

வேட்டை தொடங்கிய கதை

இதயத்துக்கு ட்ரோபோனின் என்று ஒன்று உண்டு. நெஞ்சுவலி என்று வந்தால் ரத்தத்தில் அதைப் பார்த்து மாரடைப்பா இல்லையா என்று சொல்லிவிடலாம். சிறுநீரகத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பதுதான் ஆராய்ச்சியாளர்களின் ஆசை. நியாயமான ஆசை.

ஆட்கள் கிடைக்காமலும் இல்லை. சிறுநீரகக் குழாய்ச் செல்கள் காயம்பட்டால் சிறுநீரில் வரும் கிம்-1. வெள்ளணுக்களோடு தொடர்புடைய என்.ஜி.ஏ.எல். என்ற புரதம். காயம்பட்ட செல்கள் பிரிவதை நிறுத்திக்கொள்ளும்போது வெளிப்படும் டிம்ப்-2, ஐ.ஜி.எஃப்.பி.பி.-7. கிரியாட்டினினுக்குப் போட்டியாக சிஸ்டாட்டின்-சி. பட்டியல் இன்னும் நீளம்.

இதில் பெரிய பரபரப்பு 2005-ல் வந்தது. அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் பிரசாத் தேவராஜன் குழுவினர், இதய ஆபரேஷன் செய்துகொண்ட 71 குழந்தைகளைப் பின்தொடர்ந்து ஆய்வு செய்து 'லான்செட்' இதழில் எழுதினார்கள். 20 குழந்தைகளுக்குத் திடீர் சிறுநீரகப் பாதிப்பு வந்தது. கிரியாட்டினின் அதைச் சொன்னது ஒன்று முதல் மூன்று நாள் கழித்து. சிறுநீரில் இருந்த என்.ஜி.ஏ.எல். இரண்டே மணி நேரத்தில் சொல்லிவிட்டது.

அந்தப் புகழ்பெற்ற "இரண்டு மணி நேரம்" இங்கேதான் பிறந்தது. இதய-நுரையீரல் இயந்திரத்தில் குழந்தையைப் போட்ட நேரத்திலிருந்து கணக்கிட்டது. எந்த நிமிடத்தில் சிறுநீரகத்துக்கு ஆபத்து தொடங்கியது என்று எல்லோருக்கும் தெரியும். குழந்தை அதற்கு முன்பே ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கிறது. சிறுநீர் பிடிக்கக் குழாய் போட்டாயிற்று. பக்கத்திலேயே லேப். மற்ற சிறுநீரக நோய் உள்ள குழந்தைகளை முன்கூட்டியே விலக்கியும் வைத்தாயிற்று. அப்பேர்ப்பட்ட சுத்தமான சூழலில் அந்தப் புரதம் அற்புதமாக வேலை செய்தது.

பிறகு அதே புரதத்தை வெவ்வேறு வயதினரிடம், வெவ்வேறு நோயாளிகளிடம் பார்த்தபோது பளபளப்பு குறைந்தது. கிருமித்தொற்று இருந்தாலே என்.ஜி.ஏ.எல். ஏறும் என்பது ஒரு காரணம். காய்ச்சலோடு வருகிறவர்களே அதிகமாக இருக்கிற ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில் இது எவ்வளவு குழப்பும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சந்தைக்கு வந்த சரக்கு

2014-ல் நெஃப்ரோசெக் என்ற சோதனைக்கு அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. டிம்ப்-2, ஐ.ஜி.எஃப்.பி.பி.-7 இரண்டையும் சிறுநீரில் அளந்து, அடுத்த 12 மணி நேரத்தில் மோசமான பாதிப்பு வரும் வாய்ப்பு உண்டா என்று சொல்லும். யாருக்கு? தீவிர சிகிச்சைப் பிரிவில், இதயமோ மூச்சோ தடுமாறும் நிலையில் இருக்கும் பெரியவர்களுக்கு. 2023-ல் குழந்தைகளுக்கும் இளையவர்களுக்குமான ஒரு என்.ஜி.ஏ.எல். சோதனைக்கும் அங்கே அனுமதி கிடைத்தது. அதுவும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத்தான்.

பொருளியல் புத்தகத்தின் ஆரம்பப் பாடமே இதுதான்: விருப்பம் வேறு, தேவை வேறு. வாங்கும் சக்தி பின்னால் வந்து நின்றால்தான் விருப்பம் 'தேவை' ஆகும். தேவை இருக்கும் இடத்துக்குத்தான் சரக்கு போகும். தீவிர சிகிச்சைப் பிரிவில் பில் கட்ட ஆள் இருக்கிறது, இன்சூரன்ஸ் இருக்கிறது. வரப்பில் கடிபட்டவரிடம் என்ன இருக்கிறது? ஆகவே சந்தை தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அதைத் திட்டி என்ன ஆகப்போகிறது? திட்ட வேண்டியது, சந்தை போகும் திசையையே அறிவியல் போகும் திசை என்று நினைத்துக்கொள்ளும் மனோபாவத்தை.

சரி, அந்த விலையுயர்ந்த சோதனை "ஆபத்து" என்று சொல்லிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன செய்வார்கள்? திடீர் சிறுநீரகப் பாதிப்பைத் திருப்பிவிடும் மாத்திரை ஒன்றும் இதுவரை கிடையாது. 2017-ல் ஜெர்மனியில் இதய ஆபரேஷன் நோயாளிகள் 276 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. மார்க்கர் ஏறியவர்களில் ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு, மறுபாதிக்குக் கறாரான கவனிப்பு. வழக்கமான கவனிப்பில் 71.7 சதவீதம் பேருக்குப் பாதிப்பு வந்தது. கறாரான கவனிப்பில் 55.1 சதவீதம். நல்ல வித்தியாசம்தான், மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் கறாரான கவனிப்பு என்ன என்று பாருங்கள். உடம்பில் நீரும் ரத்த அழுத்தமும் சரியாக இருக்கிறதா என்று பார். சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்துகளை நிறுத்து. சர்க்கரை ஏறாமல் பார்த்துக்கொள். கிரியாட்டினினைத் திரும்பத் திரும்ப எடு. சிறுநீரை அள. இவ்வளவுதான்! இதில் எதற்குப் புதுப் புரதம் வேண்டும்? கண்ணாடி விரியன் கடித்து ஒருவர் வந்தாலே அவர் ஆபத்தில் இருக்கிறார் என்று தெரியுமே. அவருக்கு முதல் நிமிடத்திலிருந்தே இதைச் செய்ய வேண்டியதுதானே?

பணக்கார நாடான பிரிட்டனில் நைஸ் என்ற அமைப்பு, நெஃப்ரோசெக்கையும் என்.ஜி.ஏ.எல். சோதனைகளையும் அலசிப் பார்த்துவிட்டு, வழக்கமான பயன்பாட்டுக்குப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று 2020-ல் சொன்னது. அவர்களே பர்ஸைத் திறக்க யோசிக்கிறார்கள்.

வயலில் ஓடும் கடிகாரம்

இப்போது வீரகேரளம்புதூருக்கு வருவோம். குற்றாலத்தில் சாரல் பிடித்தால் சிற்றாற்றில் தண்ணீர் வரும். தண்ணீர் வந்தால் வயல் வேலை. நெல் இருக்கும் இடத்தில் எலி, எலி இருக்கும் இடத்தில் கண்ணாடி விரியன். மும்முனை மின்சாரம் ராத்திரியில்தான் வரும் என்றால் மோட்டார் போடவும் மடை மாற்றவும் ராத்திரியில்தான் போக வேண்டும். காலில் செருப்பு இருந்தால் பெரிய விஷயம்.

கடி விழுந்தவர் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுவதில்லை. கடித்தது என்ன என்றே சில நேரம் தெரியாது. ராத்திரியில் பாம்பு என்று சொல்லவும் மாட்டார்கள், "பூச்சி தீண்டிட்டு" என்பார்கள். முதலில் துணியால் இறுக்கக் கட்டு. பிறகு பார்வை பார்க்கிறவர் வீடு. வேர், பச்சிலை. பிறகு பக்கத்தில் ஒரு ஊசி. பிறகுதான் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்து தென்காசி. 2019-ல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது. ஆனாலும் நிலைமை முற்றினால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குத்தான் வண்டி திரும்பும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு புதுச் சீட்டு எழுதுவார்கள். எந்தச் சீட்டிலும் ஒரு விஷயம் மட்டும் பெரும்பாலும் இருக்காது: கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார், எவ்வளவு கழித்தார்.

இந்த நாட்டின் பெரிய கணக்கும் இதையேதான் சொல்கிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000. இதில் முக்கால்வாசிக்கும் மேல் மருத்துவமனைக்கு வெளியே நடந்த சாவுகள். சிறுநீரில் எந்தப் புரதம் இருந்தது என்று பார்க்க, முதலில் அந்த மனிதர் ஆஸ்பத்திரிக்கு உயிரோடு வந்து சேர வேண்டுமே ஐயா!

இதில் வேடிக்கை என்னவென்றால், பயோமார்க்கர் ஆராய்ச்சிக்குப் பாம்புக்கடியைப் போலப் பொருத்தமான நோய் கிராமத்தில் வேறு இல்லை. காய்ச்சலில் சிறுநீரகம் எந்த நிமிடத்தில் கெட ஆரம்பித்தது என்று யாரும் சொல்ல முடியாது. பாம்புக்கடியில் சொல்ல முடியும். "ஏழு மணிச் செய்தி ஓடிட்டிருந்துச்சு, அப்பதான்" என்று வீட்டில் இருப்பவரே சொல்லிவிடுவார். இதய ஆபரேஷனைப் போலவே அடி விழுந்த நேரம் துல்லியமாகத் தெரிந்த நோய் இது. அப்படியிருந்தும் உலகப் புகழ் பெற்ற ஆய்வுகள் எல்லாம் தியேட்டர் வாசலிலேயே நின்றுவிட்டன.

பக்கத்துத் தீவில் அப்படி நிற்கவில்லை. இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள், கண்ணாடி விரியன் கடித்தவர்களிடமே இந்த மார்க்கர்களைப் பார்த்து 2019-ல் ஆய்வு வெளியிட்டார்கள். களைக்கொல்லி குடித்தவர்களிடமும் இதே தேடல் அங்கே நடந்திருக்கிறது. தங்கள் விவசாயிக்கு என்ன நோய் வருகிறதோ அதில் தேடினார்கள். அதைத்தான் ஆராய்ச்சி என்று சொல்ல வேண்டும்.

"அப்படியானால் ஆராய்ச்சியே வேண்டாமா?"

இந்தக் கேள்வி வரும். வேண்டும். நிச்சயம் வேண்டும். ஏழை ஊருக்கு மூங்கில் கழியும் தண்ணீர் பாட்டிலும் போதும், புதுச் சோதனையெல்லாம் நகரத்துக்குத்தான் என்று சொல்வது அதைவிடப் பெரிய அவமானம். நாளைக்கே கர்ப்பப் பரிசோதனை அட்டை மாதிரி, சிறுநீரில் நனைத்தால் கோடு காட்டும் ஒரு மலிவான அட்டை வருமானால் அது முதலில் வர வேண்டிய இடம் ஆரம்ப சுகாதார நிலையம்தான்.

சண்டை வரிசையைப் பற்றியது. கையில் இருக்கும் சோதனையைச் செய்யாதவனுக்குப் புதுச் சோதனை கொடுத்து என்ன பயன்?

இன்னொரு உதாரணம் பாருங்கள். லாசிக்ஸ் என்ற பெயரில் எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கும் ஃபுரோசமைடு, பல பத்தாண்டுகளாகப் புழங்கும் பழைய மருந்து. சிறுநீரகப் பாதிப்பின் ஆரம்பக் கட்டத்தில், உடம்பில் நீர் போதுமான அளவு இருப்பதை உறுதி செய்துகொண்டு, டாக்டர் அதை ஒரு குறிப்பிட்ட அளவில் ஊசியாகப் போடுவார். இரண்டு மணி நேரம் சிறுநீரை அளப்பார்கள். 200 மில்லிக்குக் குறைவாக வந்தால் நிலைமை முற்றப்போகிறது என்று அர்த்தம். 2013-ல் 77 நோயாளிகளிடம் இதைச் செய்து காட்டினார்கள். 2015-ல் அதே நோயாளிகளிடம் புதுப் பயோமார்க்கர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, நோய் கடைசிக் கட்டத்துக்குப் போகுமா என்று சொல்வதில் இந்த ஊசியும் அளவுக் குவளையும் ஒவ்வொரு மார்க்கரையும் முந்தின. சின்ன ஆய்வுதான், தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்ததுதான். ஆனாலும் செய்தியை மறைக்க முடியாது. ஒரு குவளை ஜெயித்திருக்கிறது. குவளைக்குக் காப்புரிமை கிடையாது என்பதால் அதற்கு விளம்பரமும் கிடையாது.

செய்யக்கூடியவை

குறை மட்டும் சொல்லிவிட்டு ஓடக்கூடாது அல்லவா. இதோ கணக்கு.

ஒன்று, கண்ணாடிக் குழாய். இரண்டு மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விரியன் விஷம் ரத்தத்தில் இறங்கிவிட்டது, விஷமுறிவு மருந்தைத் தொடங்கு என்று பொருள். உறைந்திருந்தாலும் ஒரு தடவையோடு விடாமல் திரும்பச் செய்ய வேண்டும். கரண்ட் வேண்டாம், மெஷின் வேண்டாம். ஆனால் குழாய் பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாது, சோப்புத் தூள் போட்டுக் கழுவியதாகவும் இருக்கக் கூடாது. இரண்டுமே முடிவைக் கெடுத்துவிடும். கண்ணாடி விரியன் கடியில் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதற்கான முதல் "பயோமார்க்கர்" இதுதான். மருந்து எவ்வளவு தாமதமாகிறதோ அவ்வளவுக்குச் சிறுநீரகத்துக்கு ஆபத்து. ஆரம்ப சுகாதார நிலையம் வரை மருந்து வைத்திருப்பதாக அரசு சொல்கிறது. நல்லது. அதன் பக்கத்திலேயே நாலு கண்ணாடிக் குழாயும் ஒரு சுவர்க் கடிகாரமும் இருக்கட்டும்.

இரண்டு, அளவுக் குவளை. ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லிக்குக் குறைவாக ஆறு மணி நேரம் சிறுநீர் போனால் அதுவே திடீர் சிறுநீரகப் பாதிப்பு என்று அதே சர்வதேச வரையறை சொல்கிறது. ஐம்பது கிலோ எடையுள்ளவருக்குக் கணக்குப் போட்டால் ஆறு மணி நேரத்துக்கு 150 மில்லி. ஒரு டீ டம்ளர். அவ்வளவுதான்! ஒரு டீ டம்ளர் நிறைகிறதா இல்லையா என்று பார்க்க எந்த நாட்டு அனுமதியும் தேவையில்லை. கூட வந்த மனைவியோ மகனோ பார்த்துச் சொல்லலாம். சொன்னதைக் கேஸ் சீட்டில் நேரம் போட்டு எழுத ஒருவர் இருந்தால் போதும்.

மூன்று, கிரியாட்டினின் ஒரு தடவை அல்ல, பல தடவை. வந்தவுடன் ஒன்று, பிறகு சில மணி நேரத்தில், மறுநாள், அதற்கடுத்த நாள். பார்க்க வேண்டியது ஏற்றத்தை. அச்சடித்த எல்லையை மட்டும் அல்ல. ஒரு சொட்டு ரத்தத்தில் சொல்லும் கையடக்கக் கருவிகள் வந்து பல வருடமாகிவிட்டன. அவற்றை வாங்குவதில் செலவு உண்டுதான். ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்க வாரம் இரண்டு மூன்று தடவை டயாலிசிஸுக்குப் போய்வரும் செலவோடு, போய்வருவதால் இழக்கும் கூலியோடு, அதை ஒரே தாளில் எழுதிப் பார்க்கட்டும்.

நான்கு, பழைய அளவு. மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 முதல் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது தமிழ்நாடு. வயலில் வேலை செய்பவருக்கு ஒரு கிரியாட்டினின் எடுத்துச் சீட்டில் எழுதி வைத்தால், நாளைக்கு அவர் கடிபட்டு வரும்போது 0.9 நார்மலா ஆபத்தா என்று டாக்டருக்குத் தெரியும். தொடக்க இருப்பு தெரியாமல் யாராவது கணக்கு முடிக்க முடியுமா?

ஐந்து, எழுதி வைப்பது. பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு 2024 நவம்பரில் அறிவித்தது. அதே ஆண்டு மார்ச்சில் மத்திய அரசு, 2030-க்குள் பாம்புக்கடிச் சாவுகளைப் பாதியாகக் குறைக்க ஒரு தேசியத் திட்டம் வெளியிட்டது. இரண்டும் நல்ல காரியம். ஆனால் சாவை மட்டும் எண்ணினால் போதாது. பிழைத்து வந்து சிறுநீரகம் இழந்தவர்களையும் எண்ண வேண்டும். டிஸ்சார்ஜ் ஆன மூன்று மாதத்துக்குள் ஒரு தடவை கூப்பிட்டுச் சோதிக்க வேண்டும். எண்ணாத நோய்க்கு எந்த பட்ஜெட்டிலும் இடம் கிடைக்காது. அந்த எண்கள் இருந்தால்தான் நாளைக்கு எந்த மார்க்கர் இந்த மண்ணுக்குப் பொருந்தும் என்று சோதிக்கவும் முடியும்.

2025 வந்தது, போனது

2013-ல் சர்வதேச சிறுநீரகவியல் சங்கம் ஒரு சபதம் எடுத்தது. வசதி குறைந்த இடங்களில், சிகிச்சை கிடைக்காததால் திடீர் சிறுநீரகப் பாதிப்பில் 2025-க்குள் ஒருவர்கூடச் சாகக் கூடாது என்பது அதன் சாரம். "2025-க்குள் பூஜ்யம்" என்பதே அந்த இயக்கத்தின் பெயர். அழகான பெயர். 2025 வந்தது. பூஜ்யம் வரவில்லை.

அந்தப் பன்னிரண்டு வருடத்தில் எத்தனையோ புதுப் புரதங்களைப் பற்றிக் கட்டுரைகள் வந்தன, மாநாடுகள் நடந்தன, கம்பெனிகள் கைமாறின. அதே பன்னிரண்டு வருடத்தில் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பாம்புக்கடி மூலையில் ஓர் அளவுக் குவளை வைக்க யாராவது கையெழுத்துப் போட்டிருந்தால் எத்தனை சிறுநீரகம் பிழைத்திருக்கும்? கேட்டால், "அதெல்லாம் அடிப்படை, அதைச் செய்வார்கள்" என்பார்கள். அடிப்படை என்பதாலேயே யாருடைய வேலையும் இல்லாமல் போய்விட்டது. நர்ஸ் ஒருவர், நோயாளிகள் முப்பது பேர் என்றால் யார் போய் மணிக்கொரு தரம் அளப்பது? ஆகவே குவளையோடு ஆளையும் கேட்க வேண்டும். அது புரதத்தைவிடக் கஷ்டமான கோரிக்கை. புரதத்துக்கு நிதி தருகிறவர்கள் நர்ஸ் சம்பளத்துக்குத் தருவதில்லை.

அடுத்த தடவை "இரண்டே மணி நேரத்தில்" என்று ஒரு செய்தி வந்தால் தலையாட்டிவிட்டுப் பக்கம் திருப்பாதீர்கள். எப்போதிலிருந்து, எந்த ஊரில், யாருக்கு என்று கேளுங்கள். சொந்தக்காரர் யாராவது கடிபட்டு ஆஸ்பத்திரியில் இருக்கும்போது "கிரியாட்டினின் நார்மல்" என்று சொன்னால், "சரிங்க டாக்டர், அடுத்தது எத்தனை மணிக்கு எடுப்பீங்க? யூரின் எவ்வளவு போயிருக்கு?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பதற்குக் காசு கிடையாது.

பி.கு: பாம்பு கடித்தால் கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட காலை அசைக்காமல் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். பாம்பைத் துரத்திப் பிடிக்க வேண்டாம். வலிக்கு டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திரை எதுவும் வாங்கிக் கொடுக்க வேண்டாம். கடித்த நேரத்தையும், கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரத்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்து அனுப்புங்கள். சங்கரன்கோவில் புற்றுமண்ணை நெற்றியில் பூசிக்கொள்ள விரும்புகிறவர்கள் தாராளமாகப் பூசிக்கொள்ளட்டும். ஆம்புலன்ஸில் ஏறிய பிறகு.